ஒரு கைக்குப் பழக்கிய பெட்டி

அன்பு மகனுக்கு,

உன் கூட்டாளி றெஜி இந்தப் பையைத் தந்தவுடன் நீ முதலில் சிப்பைத்தான் இழுத்திருப்பாய், கடிதத்தைப் பிறகுதான் கண்டிருப்பாய். எனக்குத் தெரியும். சின்னதிலிருந்தே உனக்குப் பெட்டி முதல், கதை பிறகு. உள்ளே நீ பாட்டுப் போடுகிற கொன்ரோலர், கறுப்புச் சதுரப் பெட்டி, லப்டொப், ஹெட்போன், வயர்கள் எல்லாம் இருக்கின்றன. இந்தச் சனிக்கிழமை வங்காலையிலிருந்து ஒரு பெடியன் வருவான், கொடுத்துவிடுங்கோ என்று நீ போனில் சொன்ன அதே சாமான்கள்தான். நான் கொடுக்கவில்லை. அவனைக் கொஞ்சம் பொறுக்கச் சொல்லிவிட்டு, கட்டுக்கரைப் பக்கம் நெல் ஏற்ற வருகிற றெஜியின் வானில் உன்னிடமே அனுப்பியிருக்கிறேன். கோபப்படுவதானால் கடைசிவரை படித்துவிட்டுக் கோபப்படு.

இங்கே நாங்கள் மாதாவின் புண்ணியத்தில் சுகமாக இருக்கிறோம். அப்பா தொழிலுக்குப் போய் வருகிறார். டிலானியின் கலியாண வேலைகள் ஒவ்வொன்றாக நடக்கின்றன. தவக்காலம் என்பதால் வீட்டில் சத்தம் சந்தடி இல்லை, ஆனால் கை ஓயவில்லை. உயிர்ப்பு ஞாயிறு கழிந்து வருகிற சனிக்கிழமை கலியாணப் பூசைக்கு வருவதாகவும், பூசை முடிந்த கையோடு மாமா வீட்டுக்குத் திரும்பிவிடுவதாகவும் நீ சொன்னாய். விருந்து நடக்கிற ஹோலுக்கு வரமாட்டாயாம். அதைக் கேட்டு உன் தங்கச்சி அழவில்லை. அரிசி புடைத்துக்கொண்டிருந்தவள் சுளகைக் கீழே வைத்துவிட்டு, "அண்ணா வந்து ஒரு கதிரையில இருந்தாலே எனக்குக் காணும் அம்மா. பாட்டுப் போடவேண்டாம்" என்றாள். பிறகு சுளகை எடுத்துப் புடைக்கத் தொடங்கிவிட்டாள். அவள் சொன்னது அவ்வளவுதான். அதை உனக்குச் சொல்லாமல் வைத்திருக்க எனக்கு மனம் வரவில்லை.

உனக்கு நடந்ததை நான் திரும்ப எழுதத் தேவையில்லை. ஆனால் அதை எழுதினால்தான் எனக்கு மற்றதும் எழுத வரும். அந்தப் பின்னேரம் முதல் நன்மை வாங்கின பிள்ளை ஒன்றின் வீட்டுக் கொண்டாட்டத்துக்குப் பாட்டுப் போட்டுவிட்டு வந்தாய். பெட்டிகள் றெஜியின் வானில் முன்னால் வந்துவிட்டன. நீ மோட்டார்சைக்கிளில் பின்னால் வந்தாய். வளைவில் கழுதைகள் றோட்டில் படுத்திருந்தன, நீ விலத்தினாய், விழுந்தாய். கழுதைகள் எழும்பவுமில்லையாம். கை முறியவில்லை என்று முதலில் சந்தோஷப்பட்டோம். முறிந்திருந்தால் பொருந்தியிருக்கும். தோளில் நரம்பு வேரோடு அறுந்துவிட்டது என்று பெரிய டொக்டர் படம் கீறிக் காட்டியபோதுதான் எனக்கு விளங்கியது. உன் இடக்கை இருக்கிறது, தொட்டால் சூடு இருக்கிறது, நகம் வளருகிறது. ஆனால் நீ சொல்வது அதற்குக் கேட்கிறதில்லை.

பிறகு அப்பாவும் மாமாவும் கதைத்து, கட்டுக்கரையில் மாமாவின் வயலுக்குத் தண்ணீர் வருகிற வாய்க்காலைப் பார்த்துக்கொள்கிற வேலையை உனக்கு ஒழுங்கு பண்ணினார்கள். நீயும் போனாய். தவக்காலம் தொடங்கிய கிழமை போன் எடுத்து, "அந்தப் பாட்டுச் செட்டை வித்துவிடுங்கோ அம்மா, உப்புக்காத்தில பழுதாப் போகும்" என்றாய். காரணம் சரியான காரணம்தான். எங்கள் ஓலைத்தொடுவாய்க் காற்றுக்குப் பூட்டுக்கூடத் துருப்பிடிக்கிறது. அதனால் நானும் ஓம் என்றேன்.

நான் கணக்குக்காரி என்று வீட்டில் எல்லோரும் பகிடி பண்ணுவீர்கள். அப்படிப்பட்டவள், ஒரு சாமான் வேலை செய்கிறதா என்று பாராமல் இன்னொருவர் கையில் கொடுப்பேனா? நாளைக்கு அவன் வந்து, ஓடாத சாமானை என் தலையில் கட்டிவிட்டீர்கள் என்று வாசலில் நின்றால் யாருக்கு வெட்கம்? துடைத்து, பூட்டி, ஓட்டிப் பார்த்துவிட்டு விற்போம் என்றுதான் அலுமாரிக்கு மேலிருந்து பையை இறக்கினேன். வேறு எண்ணம் எதுவும் அப்போது எனக்கு இல்லை. மாதா சாட்சி.

கொன்ரோலரைச் சாப்பாட்டு மேசையில் வைத்து, லப்டொப்பைப் பக்கத்தில் வைத்து, வயரைக் குத்தினேன். பலகை முழுக்க வெளிச்சம் வந்தது. சிவப்பு, நீலம், பச்சை. நத்தார்க் குடிலைப் போல இருந்தது. ஆனால் எந்தப் பொத்தானை அமத்தினாலும் திரையில் ஒன்றும் அசையவில்லை. பழுதாகிவிட்டது என்று நினைத்துத் துடைத்து மூடி வைத்தேன். அடுத்த நாளும் அதே கதை. கடைசியில் போனில் ஒருவர் விளக்கிய வீடியோவைப் பார்த்துத்தான் பிடிபட்டது. நான் குத்தியது டிலானியின் போன் சார்ஜ் பண்ணுகிற வயர். அதற்குள் கரண்ட் போகுமாம், பேச்சுப் போகாதாம். பேச்சுப் போகிற வயர் பையின் பக்கப் பொக்கற்றில் கிடந்தது. அதைக் குத்தி, பிறகு சொஃப்ட்வெயரைத் திறந்ததும் இரண்டும் ஒன்றையொன்று அடையாளம் கண்டுகொண்டன. அன்றைக்கு உன்னைத்தான் நினைத்தேன், மகன். நீ கட்டுக்கரைக்குப் போனதிலிருந்து எங்கள் போன் கதையும் அந்த வயர் மாதிரித்தான் இருக்கிறது. சாப்பிட்டாயா, ஓம். காய்ச்சல் இல்லையே, இல்லை. மாமா சுகமா, சுகம். வெளிச்சம் எரிகிறது, அதனால் நீ இருக்கிறாய் என்று தெரிகிறது. வேறு ஒன்றும் வருவதில்லை.

சாமான் ஓடுகிறது என்று கண்டதோடு நான் பையைக் கட்டியிருக்க வேண்டும். ஒரு கையில் போனைப் பிடித்து அந்த வீடியோவைப் பார்த்துக்கொண்டு நின்றதால்தான் எல்லாம் தொடங்கியது. மற்றக் கையால் மட்டும் அவர் செய்வதைச் செய்து பார்த்தேன். முடியவில்லை. ஷிஃப்ட் பொத்தான் இடது ஓரத்தில் இருக்கிறது. அதை அமத்திப் பிடித்துக்கொண்டுதான் மற்றப் பக்கத்தில் இன்னொன்றை அமத்த வேண்டும். ஒரு கை வட்டத் தட்டைத் தள்ளிப் பாட்டை நேர்படுத்த, மற்றக் கை சத்தத்தை மாற்றுகிற நடுக் கட்டையை நகர்த்த வேண்டும். ஹெட்போனை ஒரு காதில் பிடிக்கவும் கை வேண்டும். நான் போனை வைத்துவிட்டுக் கதிரையில் இருந்துவிட்டேன். நீ விற்கச் சொன்னது உப்புக்காற்றுக்காக இல்லை என்று அப்போதுதான் விளங்கியது. ஆசுப்பத்திரியிலிருந்து வந்த பிறகு ஒரு நாள் நீ அறைக் கதவைச் சாத்திக்கொண்டு இருந்தாய். வெளியே வந்து, லப்டொப் பற்றறி சரியில்லை என்று சொன்னாய். பற்றறியில் ஒரு பிழையும் இல்லை, மகன்.

அதற்குப் பிறகு மத்தியானச் சமையல் முடிந்ததும் நான் மேசைக்கு வந்துவிடுவேன். இடக்கையைச் சட்டையின் இடுப்புப் பட்டிக்குள் செருகிக்கொள்வேன். தப்பித் தவறி அது உதவிக்கு வந்துவிடக்கூடாது என்பதற்காகத்தான். கரையிலிருந்து வந்த அப்பா ஒரு நாள் இதைக் கண்டுவிட்டார்.

"என்னப்பா, கையில நோவோ?"

நோவில்லை, மகன்ர பெட்டியை ஒரு கையால ஓட்டிப் பாக்கிறன் என்றேன். கிட்ட வந்து பார்த்தார். அவர்தான் விற்கச் சொல்லி முதலில் நின்றவர், உனக்குத் தெரியும். பிறகு சொன்னார்: "நான் எத்தினை வருசமா எஞ்சினை ஒரு கையாலதான் பிடிச்சுப் படகை ஓட்டுறன். மற்றக் கையில என்ன இருக்கிறது எண்டு பாத்தனியோ? பீடிதான்." சொல்லிவிட்டுக் குளிக்கப் போய்விட்டார். அடுத்த நாள் ஆடுகிற மேசைக் காலுக்கு ஒரு கட்டை செதுக்கி வைத்திருந்தார்.

உனக்குத் தெரிந்ததைத்தான் நான் எழுதுகிறேன், ஆனாலும் எழுதுகிறேன். எனக்கு அது புதிது, அதில் எனக்குச் சந்தோஷம். பலகையிலிருக்கிற பொத்தானுக்குத் தான் யார் என்று தெரியாதாம். ‘நான்தான் பாட்டைத் தொடக்கிற பொத்தான்’ என்று அது சொல்வதில்லை. அமத்தினால் ஒரு எண்ணை மட்டும் லப்டொப்புக்கு அனுப்புகிறது. இந்த எண் வந்தால் இந்த வேலையைச் செய் என்று லப்டொப்புக்குள் யாரோ எழுதி வைத்திருக்கிறார்கள். அதைத்தான் நீங்கள் மப்பிங் என்கிறீர்கள். எழுதினதென்றால் திருத்தலாம். இதை விளங்கிக்கொண்ட அன்று நான் எழும்பிப் போய் ஒரு கோப்பைத் தேத்தண்ணி போட்டுக் குடித்தேன். இந்தப் பலகை ஒரு கைக்காரனுக்கு ஆகாது என்று கர்த்தர் விதிக்கவில்லை. இரண்டு கை உள்ள ஒருவர் தன் வசதிக்கு எழுதி வைத்திருக்கிறார், அவ்வளவுதான். அவரில் பிழை சொல்ல முடியாது. அவருக்கு உன்னைத் தெரியாது. எனக்குத் தெரியும்.

திரையில் ‘லேர்ன்’ என்று ஒன்று இருக்கிறது. அதை அமத்தி, வேண்டிய வேலையைத் தெரிவு செய்து, பெட்டியில் ஒரு பொத்தானைத் தொட்டால் அந்த வேலை அதற்குப் படிந்துவிடும். கேட்க லேசாக இருக்கிறது. முதல் கிழமை நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். ஒரு பொத்தானுக்குப் பழைய வேலையை அழிக்காமல் புது வேலையைக் கொடுத்தேன். அது இரண்டையும் செய்தது. பாட்டுத் தொடங்கும், கூடவே மற்றப் பாட்டு நிற்கும். ஒரே செலவை இரண்டு இடத்தில் பதிந்தால் கணக்கு எப்படிக் குழம்புமோ அப்படி. பழையதை வெட்டிவிட்டுத்தான் புதியதை எழுத வேண்டும் என்று கணக்கு எழுதுகிற எனக்கே பிந்தித்தான் வந்தது. எல்லாம் சரிப்படுத்தி முடித்த ஒரு நாள் சேமிக்காமல் லப்டொப்பை மூடிவிட்டேன். அடுத்த நாள் திறந்தால் ஒன்றுமில்லை. அன்று உன் தங்கச்சிக்குக் குழம்பில் உப்பில்லை.

ஷிஃப்ட் பொத்தானைப் பிடித்துக்கொண்டு நிற்கத் தேவையில்லாதபடி மாற்றினேன். இனி ஒருமுறை தட்டினால் அது பிடித்துக்கொள்ளும், இன்னொருமுறை தட்டினால் விடும், சுவர் லைற்றைப் போல. பிறகு உன் சதுரப் பெட்டியை எடுத்தேன். குதிரை கனைக்கிறதும் கண்ணாடி உடைகிறதும் போட்டு டிலானியைப் பயமுறுத்துவாயே, அந்த ரப்பர்ப் பொத்தான் பெட்டிதான். பெரிய பலகையையும் அதையும் ஒரே நேரத்தில் குத்தலாம் என்று கண்டுபிடித்தேன். பெரியதுக்கு வலப்பக்கத்தில் அதை வைத்து, அடிக்கடி தேவைப்படுகிற வேலைகளை எல்லாம் அங்கே கொண்டுவந்தால் உன் வலக்கை மேசையின் இந்தத் தொங்கலிலிருந்து அந்தத் தொங்கலுக்கு ஓடத் தேவையில்லை. ஆனால் எதை எங்கே வைப்பது? பாட்டு நடக்கும்போது நீ சனத்தைப் பார்ப்பாய், பெட்டியைப் பார்க்கமாட்டாய். யோசித்து யோசித்து, ஒரு நாள் மத்தியானம் மூவேளைச் செபம் சொல்லத் தொடங்கியபோது என் கை தானாக நெற்றிக்குப் போனது. அப்படியே நின்றுவிட்டேன். ஒரு கையால், அதுவும் வலக்கையால், கண்ணை மூடிக்கொண்டு நீ நடை பழக முன்னமே பழகின வழி ஒன்று இருக்கிறதே, சிலுவை அடையாளம்.

அப்படித்தான் வைத்தேன். பிதா என்று நெற்றி, மேல் பொத்தான்: அடுத்த பாட்டைத் தொடக்கும். சுதன் என்று நெஞ்சு, கீழ்ப் பொத்தான்: இரண்டு பாட்டின் வேகத்தையும் ஒன்றாக்கும். இடத்தோள் இடப்பக்கப் பாட்டு, வலத்தோள் வலப்பக்கப் பாட்டு. தொட்டால் அந்தப் பக்கத்துக்குச் சத்தம் மெல்ல மெல்லப் போய்ச் சேரும். பார்க்காமல் இடம் பிடிக்க, நாலுக்கும் நடுவிலிருக்கிற பொத்தானில் டிலானி நகத்துக்குப் பூசுகிற கியூடெக்ஸால் ஒரு சொட்டு விட்டேன். காய்ந்ததும் விரலுக்குத் தட்டுப்படும்.

தவக்காலத்தில் ஆட்டப்பாட்டு வீட்டுக்குள் வரக்கூடாது என்று நானே சட்டம் போட்டவள். ஆதலால் ஞானப்பாட்டுகளை வைத்துத்தான் பழகினேன். ஒரு பக்கம் மாதா பாட்டு, மறுபக்கம் கர்த்தரின் பாடுகளின் பாட்டு. மாதா பாட்டுப் போகும்போது இடத்தோளைத் தொட்டால் வலப்பாட்டு வந்தது. வலத்தோளைத் தொட்டால் இடப்பாட்டு வந்தது. வயர் மாறிவிட்டதென்று ஸ்பீக்கர் வயரைக் கழற்றி மாற்றினேன். அதே பிழை. றெஜியைக் கூப்பிட்டேன். அவனும் குனிந்து குனிந்து பார்த்துவிட்டு, "எல்லாம் சரியாத்தான் குத்திக் கிடக்கு அன்ரி. உங்கட பெட்டிக்குத்தான் பக்கம் தெரியேல்லை" என்று சொல்லி, இரண்டு தோசை கூடச் சாப்பிட்டுவிட்டுப் போனான். பெட்டிக்குத் தெரியாமல் இல்லை, எனக்குத்தான்.

ஞாயிறு பூசையில் எனக்கு முன் வாங்கில் ஒரு இளம் தாய், நடக்கப் பழகுகிற பிள்ளையைத் தன் பக்கம் திருப்பி நிறுத்தி அதற்குச் சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டிருந்தாள். நெற்றி, நெஞ்சு, பிள்ளையின் இடத்தோள். அவளுடைய கை அவளுக்கு வலப்பக்கமாகப் போனது. எனக்கு அந்த இடத்திலேயே விளங்கியது. நான் மேசையில் அந்தப் பெட்டியை வைத்து, மனதில் உன்னை என் முன்னால் நிறுத்தி, உனக்குச் சிலுவை போட்டிருக்கிறேன். பள்ளிக்கூடம் போக முன்னம், காய்ச்சலுக்குக் கிடந்தபோது, அப்பாவோடு முதல்முதல் கடலுக்கு ஏறினபோது, வாசலில் நிறுத்திப் போட்டேனே, அதே சிலுவை. எனக்கு எதிரே நிற்கிற பிள்ளைக்கு அது சரி. நீ அந்தப் பெட்டிக்குப் பின்னால் நின்று சனத்தைப் பார்க்கிறபோது இடமும் வலமும் மாறிவிடும். அந்தப் பிள்ளை கையைத் தட்டிவிட்டுத் தானே போடப் பார்த்தது. எல்லா இடமும் பிழை. தாய் சிரித்துவிட்டு விட்டுவிட்டாள்.

வீட்டுக்கு வந்து, உன்னை எதிரே நிறுத்தாமல், நீ நிற்கிற இடத்தில் நானே நிற்பதாக நினைத்து, திரும்ப எழுதினேன். லப்டொப்பில் ‘அம்மா’ என்று ஒன்றும் ‘அம்மா திருத்தினது’ என்று ஒன்றும் இருக்கும். இரண்டாவதை எடு. முதலாவதை அழிக்க எனக்கு மனம் வரவில்லை. அழித்தாலும் குறையொன்றும் இல்லை.

நீ ஆசுப்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்த அந்த முதல் மாதங்களில் நான் செய்ததும் இதுதான் என்று நினைக்கிறேன். சேட் பொத்தானைப் பூட்டிவிட்டேன், மீனில் முள் எடுத்துத் தந்தேன், யாரும் உன் கையைப் பார்த்தால் முன்னால் வந்து நின்றேன். எல்லாம் என் பக்கத்திலிருந்து. பெட்டிக்கு இன்னொரு பழக்கம் உண்டு. திரையில் சத்தம் ஓரிடத்தில் நிற்கும், பலகையில் குமிழ் வேறோரிடத்தில் நிற்கும். தொட்டவுடன் சத்தம் படாரென்று பாயும், ஸ்பீக்கர் கத்தும், சனம் காதைப் பொத்தும். அதற்கு ஒரு வழி வைத்திருக்கிறார்கள். ‘சொஃப்ட் டேக்ஓவர்’ என்ற கட்டத்தில் ஒரு சரி போட்டுவிட்டால், குமிழ் திரும்பித் திரும்பி அந்தச் சத்தம் நிற்கிற இடத்துக்கு வந்து சேரும்வரை ஒன்றும் நடக்காது. சேர்ந்த பிறகு இரண்டும் ஒன்றாக நகரும். எல்லாக் குமிழுக்கும் அதைப் போட்டுவிட்டேன். எனக்கும் போட்டுக்கொள்ளப் பார்க்கிறேன். நாளைக்கு உனக்கென்று ஒருத்தி வருவாள். உன் சேட்டை அவள் பூட்ட வந்தாலும் சரி, நீயே ஒரு கையால் பூட்டப் பழகினாலும் சரி, ஆளுக்கு ஆள் நிற்கிற இடத்துக்கு வந்து சேர்ந்துவிட்டுத் தொடுங்கோ. அதற்குமேல் எனக்குப் புத்தி சொல்லத் தெரியாது.

ஒரு விஷயம் மனதை அரித்தது. ஆட்டப்பாட்டுக்குச் சிலுவை அடையாளத்தைப் பாவிக்கிறது பாவமோ? பூசை முடிந்து சாமான் அறையில் நின்ற பங்குச் சுவாமியிடம் போய்க் கேட்டேன். பாட்டுப் பெட்டி, மகன், கை எல்லாம் சொன்னேன். அவர் அங்கியை மடித்துக்கொண்டு கேட்டார். பகிடி பண்ணுவார் என்று நினைத்தேன், பண்ணவில்லை.

"கை பழகின வழியிலதானே கை போகும். அதில பாவம் இல்லை." பிறகு அங்கியை வைத்துவிட்டு, "அது சரி, ஆமெனை எங்க வைச்சனீங்கள்?" என்றார்.

நாலும் தொட்ட பிறகு இரண்டு கையையும் கூப்பித்தானே ஆமென் சொல்கிறோம். விழுந்த பிறகு நீ கோயிலில் பின் தூணோடு நிற்பதும், எல்லோரும் கை கூப்பும்போது நீ இடக்கையை எடுத்துப் பொக்கற்றுக்குள் வைப்பதும் நான் காணாததில்லை. அந்த இடத்தில் எனக்கும் ஒன்றும் தெரியவில்லை. வீட்டுக்கு வந்து பார்த்தால், நடுவில் கியூடெக்ஸ் சொட்டு விட்ட பொத்தானுக்கு நான் எந்த வேலையும் கொடுக்கவில்லை. கொடுக்கலாம் என்று லேர்னை அமத்தி, விரலை மேலே கொண்டுபோனேன். பிறகு எடுத்துவிட்டேன். அது உன்னுடையது. உனக்கு எது வேண்டுமோ அதை எழுது. குதிரை கனைத்தாலும் சரி.

ஹெட்போனில் ஒரு இலாஸ்டிக் பட்டி தைத்திருக்கிறேன். தலையில் மாட்டினால் ஒரு காதை மூடி, மற்றக் காதைத் திறந்து நிற்கும், பிடிக்கக் கை தேவையில்லை. றெஜி இடக்கையைப் பொக்கற்றுக்குள் வைத்துக்கொண்டு ஓட்டிப் பார்த்துவிட்டு, "அன்ரி, நீங்க டீஜேயா வாங்கோ, நான் வயர் சுத்துறன்" என்றான். ஆனால் உண்மையைச் சொல்கிறேன். எனக்கு வேகம் ஒன்றாகிறது, சத்தம் மாறுகிறது, பொத்தான் எல்லாம் சொன்னதைக் கேட்கிறது. இருந்தாலும் ஒரு பாட்டு மற்றப் பாட்டுக்குள் போகிற அந்த இடம் எனக்கு வரவில்லை. மாதா பாட்டு முடியும், பாடுகளின் பாட்டுத் தொடங்கும், இரண்டும் இரண்டாகவே இருக்கும். நீ போடும்போது எந்த இடத்தில் மாறியது என்று ஆடுகிறவர்களுக்குத் தெரியாது, கால் நிற்காது. நன்மைக் கொண்டாட்டத்தில் நான் குசினி யன்னலால் பார்த்திருக்கிறேன். அது கையில் இருந்ததில்லை என்று இப்போதுதான் எனக்குத் தெரிகிறது. இருந்திருந்தால், இரண்டு கை வைத்திருக்கிற நான் இவ்வளவு நாளில் பழகியிருப்பேன்.

இதையெல்லாம் பூட்டி ஒருமுறை ஓட்டிப் பார். பிடிக்கவில்லையென்றால் வங்காலைப் பெடியனின் நம்பர் றெஜியிடம் இருக்கிறது. உன் கையால் கொடு. நான் ஒரு வார்த்தை சொல்லமாட்டேன், டிலானியும் சொல்லமாட்டாள். ஹோலில் ஒரு கதிரை மட்டும் உனக்கு இருக்கும்.

ஆனால் ஒன்று நடந்துவிட்டது, அதையும் சொல்லிவிட வேண்டும். போன கிழமை பேசாலையிலிருந்து மாப்பிள்ளையின் தாய் வந்திருந்தார். சாப்பாடு, பூ, கேக் எல்லாம் கதைத்து முடித்து எழும்பும்போது, "பாட்டுக்கு ஆரைப் பிடிச்சனீங்கள்?" என்று கேட்டார். நான் யோசிக்கவில்லை, மகன். வாய் முந்திவிட்டது. "வேற ஆர், எங்கட மகன்தான்" என்று சொல்லிப்போட்டேன். அவர், "ஓ, அவரோ? அவர் போட்டா எங்கட பெடியள் வீட்டுக்குப் போகாயினமே" என்று சிரித்துவிட்டுப் போனார். உன் கையைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. அவருக்குத் தெரியும், ஊருக்கே தெரியும். இருந்தும் கேட்கவில்லை.

பெரிய வியாழனுக்கு முன்னம் நான் பாவசங்கீர்த்தனத்துக்குப் போக வேண்டும். மற்றதெல்லாம் மனதில் ஒழுங்காக வைத்திருக்கிறேன். மாப்பிள்ளையின் தாய்க்குச் சொன்ன இந்த ஒன்றை மட்டும் பொய் என்று சொல்வதா, சொல்லாமல் விடுவதா என்று தெரியாமல் நிற்கிறேன். சுவாமியிடம் வரிசை நீளம், பின்னால் ஆட்கள் நிற்பார்கள், அங்கே முழங்காலில் நின்று யோசிக்க ஏலாது. அதற்கு முன்னம் ஒரு போன் எடுத்துச் சொல்லு, ராசா.

அன்புடன்,
அம்மா